சுத்தம் என்று எழுதியவள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையேறுவது எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் நான் காட்டின் மேல் உயிரையே வைத்திருப்பவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. வாரத்தில் ஒருநாள்தான் விடுமுறை. அன்றைக்கு ஏழு மணி வரைக்கும் தூங்கி, கறி எடுத்துக் குழம்பு வைத்து, மத்தியானம் டிவி முன்னால் கண்ணயர வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் ஒன்பது வருடங்களாக ஞாயிறு விடிந்ததும் குடையும் தண்ணீர் பாட்டிலுமாக ஓடைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். எல்லாம் ஒரு தவளைக்காக.

எங்கள் ஊர் தேவாரம் டவுனுக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கிறது. எனக்கு ஒரு கல்லூரியில் வேலை, விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர். புட்டி கழுவுவது, நுண்ணோக்கியைத் துடைத்து மூடி வைப்பது, பிள்ளைகள் உடைத்த கண்ணாடித் தகடுகளுக்குப் பதில் சொல்வது, இவ்வளவுதான். பிள்ளைகள் தவளையை அறுத்துப் படித்த காலத்தில், அறுக்கிற தவளைகளை மயக்கிப் பலகையில் குத்தி வைத்ததும் நான்தான். "அந்தப் பாவத்துக்குத்தான் இப்ப வாராவாரம் நடக்குற" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவர் திராட்சை விவசாயி. அவருடைய பாவக் கணக்கைப் பற்றி நான் பேசுவதில்லை.

ஒரு கார்த்திகை மாதம் வெளியூரிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி எங்கள் கல்லூரிக்கு வந்தாள். மலை ஓடைகளைப் பார்க்க வேண்டும், வழி தெரிந்த ஆள் வேண்டும் என்றாள். என் ஊர் அடிவாரத்தில் இருக்கிற ஒரே காரணத்துக்காக என்னை அவளோடு அனுப்பினார்கள். ஊரைத் தாண்டி, தென்னந்தோப்புகளைத் தாண்டி, ஓடையோரமாக ஏறினால் கன்னிமார் கல் வரும். ஏழு கல், மஞ்சள் பூசி வைத்திருப்போம். அதற்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் ஒரு பாறையிலிருந்து ஆள் உயரத்துக்கு விழும். அந்த இடத்தில் என்னை ஒரு கல்லில் உட்காரச் சொல்லிவிட்டு, பேசாமல் பார்க்கச் சொன்னாள். அரை மணி நேரம் வெறும் கல்லையும் தண்ணீரையும்தான் பார்த்தேன். அப்புறம் கல்லின் ஒரு ஓரம் அசைந்தது.

கட்டைவிரல் அளவுதான் இருக்கும். நனைந்த கல்லின் நிறம். அது பின்னங்காலை மெதுவாகத் தூக்கி, பக்கவாட்டில் முழுசாக நீட்டி, விரல்களை விரித்தது. விரல்களுக்கு நடுவில் இருந்த சவ்வு வெள்ளையாக ஒரு கணம் தெரிந்தது. பிறகு காலை இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த கால். தண்ணீர் விழுகிற இரைச்சலில் அதன் குரல் எடுபடாதாம், அதனால் காலைக் காட்டிப் பேசுகிறது என்றாள் அந்தப் பெண். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான். மோட்டார் ஓடும்போது எவ்வளவு கத்தினாலும் கேட்காது. என் வீட்டுக்காரர் துண்டைத் தூக்கி இரண்டு தரம் வீசினால் மோட்டாரை நிறுத்து என்று அர்த்தம்.

இந்த மலைத்தொடரின் ஓடைகளை விட்டால் இந்த வகைத் தவளைகளுக்கு உலகத்தில் வேறு இடமில்லை, இருக்கிற ஓடைகளும் வற்றிக்கொண்டு வருகின்றன என்று அவள் சொன்னாள். தலைப்பிரட்டைகள் ஓடை மணலுக்கும் சரளைக்கும் அடியில் புதைந்து வளருமாம். எங்கள் ஓடையில் அவை மிஞ்சியிருந்தது அந்தச் சின்ன அருவிக்கும் கன்னிமார் கல்லுக்கும் நடுவில் மட்டும். இரண்டு பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் முடிந்துவிடும் நீளம். அதற்குக் கீழே கறுப்புக் குழாய்களைப் போட்டுத் தோட்டங்களுக்குத் தண்ணீரை இழுத்துவிட்டோம். "நீங்க இங்கயேதானே இருக்கீங்க, வாரம் ஒரு தடவை வந்து பாத்து எனக்கு எழுத முடியுமா?" என்று கேட்டாள். சரி என்றேன். ஒரு சொல்லில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவள் மேல்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டாள். நான் அனுப்புகிற செய்திக்கு மூன்று நாள் கழித்து ஒரு கட்டைவிரல் படம் வரும். நான் எடுக்கிற போட்டோக்களில் கல் மட்டும்தான் விழுந்திருக்கும். என் போனுக்கு அவ்வளவுதான் தெம்பு.

அந்த ஒன்பது வருடத்தில் நான் பேசிய பேச்சுக்கு அளவே இல்லை. ஓடையில் ஷாம்பு பாக்கெட்டைப் போடாதீர்கள் என்று சொன்னேன். குழாயை அருவிக்கு மேலே கொண்டுபோகாதீர்கள் என்று கெஞ்சினேன். ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஏறக் காத்திருக்கும் பெண்களிடம் விடியற்காலையில் போய்ச் சொன்னேன், கொட்டாவி விட்டபடி கேட்டுக்கொண்டார்கள். வீட்டிலும் சண்டைதான். திராட்சைக்குத் துருசும் சுண்ணாம்பும் கலந்து அடித்துவிட்டு, நீலம் ஒட்டிய டிரம்மை அவர் ஓடையில்தான் கழுவுவார். "தவக்களைக்கு ஆகாதுன்னு திராட்சைக்கு மருந்தடிக்காம விட்டுருவமா?" என்பார். மருந்தடி, டிரம்மைத் தோட்டத்திலேயே கழுவு என்பேன். ஒரு வாரம் நான் பேசாமல் இருந்த பிறகு சொன்னதைக் கேட்டார். தவளைக்காக இல்லை, குழம்பு ருசிக்காக என்று நினைக்கிறேன். ஊரில் எனக்குத் தவக்களக்கார அம்மா என்று பெயர் விழுந்தது. கல்யாண வீட்டில்கூட அப்படித்தான் அடையாளம் சொன்னார்கள்.

கன்னிமார் கல்லுக்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகை வைத்தது அந்தச் சமயத்தில்தான். அந்தப் பெண் ஆங்கிலத்தில் வாசகம் அனுப்பியிருந்தாள். ஓடையை டிஸ்டர்ப் செய்யாதீர்கள், கல்லையும் இலையையும் இருந்தபடியே விடுங்கள் என்பதுதான் அதில் இருந்தது. தமிழில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டாள். தொந்தரவு செய்யாதீர் என்று எழுதிப் பார்த்தேன். டீக்கடையில் என்ன பேசுவார்கள் என்று காதில் கேட்டது: தவக்களைக்குத் தொந்தரவா, அது என்ன பரீட்சைக்கா படிக்குது? அந்தக் கிண்டலுக்குப் பயந்து, ரொம்பப் புத்திசாலித்தனமாக வேறு எழுதினேன். "இது அரிய தவளைகள் வாழும் ஓடை. இதைச் சுத்தமாக வைத்துக்கொள்வோம்." நீலத் தகரத்தில் வெள்ளை எழுத்து. பெயிண்டர் தன் பங்குக்கு ஒரு தவளையும் வரைந்தார். பச்சை நிறத்தில், சிவந்த உதட்டோடு, ஒரு பூசணிக்காய் அளவு இருந்தது. நான் நினைத்தது ஷாம்பு பாக்கெட்டுகளைத்தான். நாலு வருடமாக யாரும் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை. குளிக்க வருகிறவர்கள் ஈரத்துண்டைக் காயப்போட அது வசதியாக இருந்தது.

போன ஆனிக் கடைசியில் எனக்கு மூட்டுக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். மூன்று வாரம் பாத்ரூமுக்குப் போவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. தினமும் கஞ்சி கொண்டுவந்தது என் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை, உள்ளூரிலேயே இரண்டு தெரு தள்ளிக் கட்டிக் கொடுத்தது. திராட்சை வெட்டிப் பெட்டி கட்டுகிற வேலை, மகளிர் குழுவுக்குத் தலைவி. அவள் கை ஒரு நிமிடம் சும்மா இருக்காது. கஞ்சி ஆறுவதற்குள் என் அடுப்படி மேடையைத் தேய்த்து முடித்திருப்பாள். அவள் வந்துபோன வீட்டுத் தரையில் முகம் பார்க்கலாம்.

ஒருநாள் நான் மோட்டுவளையைப் பார்த்தபடி படுத்திருந்ததைக் கண்டு, "என்ன மதினி யோசன?" என்றாள்.

"ஓடைக்குப் போயி மூணு வாரமாச்சு."

"இதுக்கா மொகத்தத் தொங்கப் போட்டுருக்கீக? நான் பாத்துக்கிறேன், பேசாமப் படுங்க."

போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள் என்று எடுத்துக்கொண்டேன். ஒன்பது வருடத்தில் ஒரு ஆள் தானாக அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அன்றைக்கு இரண்டு தம்ளர் கஞ்சி குடித்தேன்.

ஆடிப் பதினெட்டுக்குக் கன்னிமாருக்குப் பொங்கல் வைப்பது வழக்கம். அன்றைக்குக் காலையில் அவள் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "மெதுவா நடந்துருவீக, என் தோளப் புடிச்சுக்கங்க. ஒங்களுக்கு ஒண்ணு காட்டணும்" என்றாள். வழி நெடுகச் சொல்ல மாட்டேன் என்று சிரித்துக்கொண்டே வந்தாள். கன்னிமார் கல்லுக்குப் பக்கத்தில் குழுப் பெண்கள் நாலு பேர் காத்திருந்தார்கள்.

முதலில் எனக்கு உறைத்தது வெளிச்சம்தான். அந்த இடத்தில் அவ்வளவு வெயிலை நான் பார்த்ததே இல்லை. ஓடையின் மேல் கவிந்திருந்த செடிகொடிகளை எல்லாம் வெட்டியிருந்தார்கள். இற்றுப்போன மரம் ஒன்று குறுக்கே விழுந்து கிடக்கும், அது இல்லை. தேங்கிக் கிடந்த இலைதழைகளை வாரிக் கரையில் கொளுத்தியிருந்தார்கள், சாம்பல் கிடந்தது. மணலைத் தோண்டி ஆழப்படுத்தி, பிள்ளைகள் குளிக்கத் தோதாகத் தொட்டி போலச் செய்திருந்தார்கள். கற்களை அடுக்கிப் படி கட்டியிருந்தார்கள். மிச்சமிருந்த ஒவ்வொரு கல்லிலும் பாசி போகப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்திருந்தார்கள். கற்கள் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தன. தண்ணீர்த்தொட்டி கழுவிய நாற்றம் அங்கே நின்றது. பெரிய பாறையில் கோலம். பலகையைக்கூடக் கழுவித் துடைத்திருந்தார்கள்.

அவள் பலகை முன்னால் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை போல விரல் வைத்து வாசித்தாள். "இதைச் சுத்தமாக வைத்துக்கொள்வோம். எத்தன வருசமா ஒத்தையில கத்துனீக! ஒருத்தரும் காதுல வாங்கல. நாங்க வாங்கிட்டோம் பாருங்க மதினி. அஞ்சு நாளு வேல. கூலிக்குக்கூடப் போகல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே எல்லாரையும் கிழித்திருப்பேன். ஆனால் அவளுடைய கையைப் பார்த்தேன். பவுடர் பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன், அழுகை வந்தது. அவர்கள் அதைச் சந்தோஷக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லாருக்கா மதினி?" என்று கேட்டாள் நாத்தனார். நல்லாருக்கு என்றேன். பொங்கலும் சாப்பிட்டேன்.

எங்கள் ஊரில் சுத்தம் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியாதா? செத்தையை வாரிக் கொளுத்துவது, பாசியைச் சுரண்டுவது, விளக்குமாற்றுத் தடம் தெரியக் கூட்டுவது, கடைசியில் மருந்து வாசனை வருவது. அதுதான் சுத்தம். நானும் அந்தச் சாதிதான், என் கொல்லையில் ஒரு இலை கிடந்தால் சோறு இறங்காது. அந்தத் தவளைக்கு இலைக்குப்பைதான் கூரை, பாசிதான் படுக்கை, இருட்டுதான் வீடு. ஆய்வகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த எனக்கு இது தெரியும். தெரிந்தும் அந்தச் சொல்லை எழுதினேன். அவர்கள் கேட்கவில்லை என்று இத்தனை வருடம் புலம்பினேன். கேட்டபோது இப்படி ஆனது.

அடுத்த ஞாயிறுகளில் போய் உட்கார்ந்தேன். வெளுத்த கற்கள்தான் இருந்தன. வெளிநாடு போன அந்த மாணவிக்கு, உடம்பு சரியில்லை, போகவில்லை என்று எழுதினேன். பொய் சொல்வது ஒன்றும் அவ்வளவு கஷ்டமில்லை என்பதை அப்போது கற்றுக்கொண்டேன்.

ஆவணியில் ஒரு சாயங்காலம் நாத்தனார் என் வீட்டுப் பித்தளைத் தவலையைத் தேய்த்தபடி, "அடுத்த ஆடிக்குக் கரையில கொஞ்சம் சிமிண்டு பூசிட்டா இன்னும் எடுப்பா இருக்கும் மதினி" என்றாள். என் வாய்க்குப் பூட்டு இல்லாமல் போய்விட்டது.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம் தாயி. அங்கன இருந்ததெல்லாம் செத்துப் போச்சு" என்றேன். வரிசையாகச் சொன்னேன். இலை எதற்கு, பாசி எதற்கு, மணலுக்குள் என்ன இருந்தது, அது காலைத் தூக்கி எப்படிப் பேசும் என்று. புளியும் சாம்பலும் கையில் வழிய, தவலையை இறக்காமலே கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நீங்கதானே மதினி சுத்தம்னு எழுதிப் போட்டீக?" என்றாள்.

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "ஆமா, நான்தான்" என்றேன். தவலையைப் பாதித் தேய்ப்பில் வைத்துவிட்டுப் போனாள். அவள் ஒரு வேலையைப் பாதியில் விட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு வாரம் வீட்டுப் பக்கம் வரவில்லை. "என்னத்தச் சொன்ன அவகிட்ட? வழியில பாத்தாக்கூட மொகத்தத் திருப்பிக்கிறா" என்று வீட்டுக்காரர் என்னைத்தான் திட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஓடைக்குப் போனேன். அவள் எனக்கு முன்னால் அங்கே இருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று, உரச்சாக்கிலிருந்து காய்ந்த இலைகளைத் தண்ணீருக்குள் கொட்டிக்கொண்டிருந்தாள். மேலே காட்டோரத்தில் கூட்டி அள்ளியதாம். கரையில் இன்னும் இரண்டு சாக்கு இருந்தது.

"இது பத்துமா மதினி?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கொட்டின இலையில் பாதியைத் தண்ணீர் அப்போதே அடித்துக்கொண்டு போனது. பத்தாது என்றேன். "அப்ப இன்னுங் கொண்டாரேன்" என்றாள். நாலு வாரம் சுமந்தாள். அடுக்கிய படியைக் கலைத்து ஒவ்வொரு கல்லாக உருட்டிப் போட்டாள். "இது இந்தப் பாறைக்கு அடியில கெடந்துச்சு. இந்தச் சொட்டக் கல்லு அங்கன, சாஞ்சாப்புல." எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதில் பாதிகூடத் தெரியாது.

கடைசியில் நான்தான் நிறுத்தச் சொன்னேன். இனிமேல் நாம் எதையும் தொடக்கூடாது, அதுவாகத்தான் வர வேண்டும் என்றேன். "சும்மா விடுறதுன்னா? ஒண்ணுமே பண்ணாமயா?" என்று கேட்டாள். அவளுக்கு அதுதான் மலையைப் புரட்டுகிற வேலை. பெயிண்டரைக் கூப்பிட்டுப் பலகையை மாற்றினோம். "இந்த ஓடையைச் சும்மா விடுங்கள்." அவ்வளவுதான். "இதுக்கு எதுக்குக்கா பலகை?" என்று அவர் சிரித்தார். தவளை வரையட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் இரண்டு பேராகப் போனோம். அவள் என் பக்கத்துக் கல்லில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். அவளை அறியாமல் கை போய்ப் பக்கத்தில் கிடக்கும் இலையை எடுக்கும். நான் பார்த்தால் எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிடுவாள். வெளிநாட்டில் இருந்த மாணவிக்கு உண்மையை எழுதினேன். அன்றைக்கு மட்டும் பதில் உடனே வந்தது. அவள் திட்டவில்லை. அருவிக்கு மேலே நாம் பார்க்காத இடத்தில் எங்காவது மிச்சம் இருந்தால் மழைக்கு இறங்கி வரலாம், வராமலும் போகலாம் என்று எழுதியிருந்தாள். ஐப்பசி மழை வந்தது. கார்த்திகை போனது. கற்களில் மறுபடி பச்சை பிடித்தது, வேறொன்றும் இல்லை. "இன்னைக்கும் இல்லையா மதினி?" "இல்ல." "சரி, அடுத்த வாரம் பாப்போம்." ஒவ்வொரு வாரமும் இறங்கும்போது பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

மார்கழியில் ஒரு ஞாயிறு நான் போகவில்லை. முழங்கால் வீங்கியிருக்கிறது என்று சொன்னேன். வீங்கியிருந்தது உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை. எனக்கு அலுத்துவிட்டது. வெறும் கல்லைப் பார்த்துவிட்டு வருவதற்கு என்னால் இன்னொரு காலை எழுந்திருக்க முடியவில்லை. அவள் தனியாகப் போனாள்.

ஒன்பது மணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கொல்லைக் கதவில் நிழலாடியது. அவள் நின்றாள். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சேலையைக் கொஞ்சம் தூக்கி, வலது காலை மெதுவாகப் பக்கவாட்டில் நீட்டினாள். விரல்களை விரித்தாள். காலை இழுத்துக்கொண்டாள். பிறகு இன்னொரு தரம்.

ஆறுதலுக்குச் செய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். காலை நீட்டும் என்று நான்தானே அவளிடம் சொல்லியிருந்தேன். "கண்ணால பாத்தியா?" என்று கேட்டேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு. அந்தச் சொட்டக் கல்லுல." மூச்சு வாங்கினாள். "ஏன் மதினி, வெரலுக்கு நடுவுல வெள்ளையா இருக்கும்னு நீங்க சொல்லவே இல்லையே?"

நான் சொன்னதில்லை. யாருக்குமே சொன்னதில்லை. கையிலிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு எழுந்தேன். அவள் காலைத் துடைக்காமல் உள்ளே வந்திருந்தாள். ஓடைச் சேறு அடுப்படி வரைக்கும் தடம் தடமாகக் கிடந்தது. சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் அதைத் துடைக்கவில்லை.